கெமிஸ்ட்ரியை விடப் போகிறேன், மச்சான்

அன்புள்ள மச்சான்,

வீட்டில் எல்லோரும் சுகமா? அம்மம்மாவின் முழங்கால் இப்போது எப்படி? நான் நலம். இந்த ஒரு வருட மாணவர் பரிமாற்றத் திட்டத்தில் இங்கே அமெரிக்காவில் என்னை வைத்திருக்கும் குடும்பமும் நலம். கடிதத்தைத் தமிழில்தான் எழுதுகிறேன் என்று சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளி டீச்சரிடம் சொல்லிவிடு, சந்தோஷப்படுவார்.

ஒரு விஷயம் சொல்லத்தான் எழுதுகிறேன். செப்டம்பரில் லண்டனுக்குத் திரும்பி ஏ லெவல், அதாவது பள்ளியின் கடைசி இரண்டு வருடப் படிப்பு, தொடங்கும்போது கெமிஸ்ட்ரியை விட்டுவிட்டு வரலாறு எடுக்கப் போகிறேன். வீட்டில் இன்னும் யாருக்கும் தெரியாது. உனக்குத்தான் முதலில் சொல்கிறேன், வாயைத் திறந்துவிடாதே.

முதலில் நீ கேட்டவற்றுக்குப் பதில். ஆமாம், மஞ்சள் பஸ் சினிமாவில் பார்த்த மாதிரியேதான் இருக்கிறது. அது நின்று பக்கவாட்டில் ஸ்டாப் பலகையை நீட்டினால் எதிரே வருகிற வண்டியும் நிற்க வேண்டும். சோளக்காட்டு ஓரத்தில் இருட்டிலேயே காத்திருந்து ஏறுகிறேன். ஓஹாயோவின் ஜனவரிக் குளிர் லண்டன் குளிர் இல்லை, மூக்கு இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்க வேண்டும். என்னோடு படிக்கிறவர்களில் பாதிப் பேர் சொந்தக் காரில் வருகிறார்கள், இங்கே 16 வயதிலேயே லைசென்ஸ் எடுக்கலாம். எனக்கு ஓட்ட அனுமதி இல்லை, அது பரிமாற்றத் திட்டத்தின் விதி. டை கிடையாது, பிளேசர் கிடையாது. டாய்லெட் போவதற்கு மட்டும் ஆசிரியரிடம் பாஸ் வாங்கிக்கொண்டு போக வேண்டும், 17 வயதிலும்! இலையுதிர் காலம் முழுக்க வெள்ளிக்கிழமை இரவானால் ஊரே அமெரிக்கன் ஃபுட்பால் பார்க்க வந்துவிடும். எனக்கு ஆட்டத்தை விட இடைவேளையில் மைதானத்தில் வாசித்துக்கொண்டே நடக்கிற பேண்டுதான் பிடித்தது.

மார்க் விஷயம்தான் கழுத்தை அறுக்கிறது. ஒவ்வொரு வீட்டுப்பாடத்துக்கும் மார்க், ஒவ்வொரு குட்டித் தேர்வுக்கும் மார்க், எல்லாம் உடனே ஆன்லைனில் ஏறிவிடும். 16 வயதில் எழுதிய ஜி.சி.எஸ்.இ. தேர்வுக்குச் செய்த மாதிரி கடைசி மாதத்தில் விழுந்து விழுந்து படித்துக் கரையேற முடியாது. நீ வந்திருந்தால் அக்டோபரிலேயே மாட்டியிருப்பாய், மச்சான்.

சரி, வரலாற்றுக்கு வருகிறேன்.

காலையில் முதல் மணி அடித்ததும் ஸ்பீக்கர் கரகரக்கும். எல்லோரும் எழுந்து, பலகைக்கு மேலே இருக்கிற கொடியைப் பார்த்து, நெஞ்சில் கை வைத்து விசுவாச உறுதிமொழி சொல்வார்கள். முதல் நாள் எனக்கு என்ன செய்வது என்றே தெரியவில்லை. நான் வேற்று நாட்டுக்காரன். மரியாதைக்கு எழுந்து நிற்பேன், கையையும் வாயையும் சும்மா வைத்திருப்பேன். ஆனால் எனக்கு முன் பெஞ்சில் ஒரு பெண் எழுவதே இல்லை. உட்கார்ந்தபடி பென்சில் சீவிக்கொண்டிருப்பாள். ஆசிரியர் ஒன்றும் சொல்ல மாட்டார், வருகைப் பதிவேட்டைப் பார்த்துக்கொண்டிருப்பார். நான்தான் அவளைப் பார்த்துப் பார்த்துப் பதறினேன். நம் பள்ளியில் அசெம்ப்ளியில் எழாமல் இருந்தால் என்ன நடக்கும் என்று உனக்குத் தெரியும்.

போன மாதம் அமெரிக்க வரலாற்று வகுப்பில் ஒரு தீர்ப்பைப் படிக்கக் கொடுத்தார்கள். நான் எடுத்திருப்பது ஏ.பி. வகுப்பு, அதாவது பள்ளியிலேயே கல்லூரித் தரத்தில் நடத்தும் வகுப்பு. அதன் மே மாதத் தேர்வில் ஏழு ஆவணங்களைக் கையில் கொடுத்து, அவற்றை வைத்து வாதாடச் சொல்லும் ஒரு கேள்வி உண்டு. அதற்குப் பயிற்சியாகத்தான் இதைக் கொடுத்தார்கள். நான் அன்று இரவு சாப்பாட்டுக்குக் கூப்பிட்டதுகூடக் காதில் விழாமல் படித்தேன்.

கதை இதுதான். யெகோவாவின் சாட்சிகள் என்ற கிறிஸ்தவப் பிரிவினர் கொடிக்கு வணக்கம் வைக்க மாட்டார்கள், அது விக்கிரக வழிபாடு என்பது அவர்கள் நம்பிக்கை. அப்படி மறுத்த பிள்ளைகளைப் பென்சில்வேனியாவில் பள்ளியை விட்டு அனுப்பினார்கள். 1940-இல் உச்ச நீதிமன்றம் எட்டுக்கு ஒன்று என்ற கணக்கில், பள்ளி செய்தது சரி என்றது. அதன் பிறகு பல ஊர்களில் அந்த மதத்தினரை அடித்தார்கள். 1942-இல் மேற்கு வர்ஜீனியா, அதாவது இங்கிருந்து ஆற்றைத் தாண்டினால் இருக்கிற மாநிலம், எல்லாப் பிள்ளைகளும் வணக்கம் வைத்தே ஆக வேண்டும் என்று ஆணை போட்டது. பார்னெட் குடும்பத்தின் இரண்டு சிறுமிகள் மறுத்தார்கள், பள்ளி அவர்களை வெளியேற்றியது. இன்னொன்று கேள்: அந்தக் கால வணக்கம் கையைக் கொடியை நோக்கி நீட்டுவது. ஹிட்லர் கூட்டத்தின் வணக்கம் மாதிரியே இருக்கிறது என்று 1942 கடைசியில்தான் கையை நெஞ்சுக்கு மாற்றினார்கள்.

1943 ஜூன் 14. உலகப்போர் நடந்துகொண்டிருக்கிறது, நாடு முழுக்க தேசபக்தி கொதிக்கிறது, அன்று கொடி நாள் வேறு. அன்றைக்குத்தான் அதே நீதிமன்றம் தன் தீர்ப்பைத் தானே தூக்கிப் போட்டது, ஆறுக்கு மூன்று. மூன்று வருடத்துக்கு முன்னால் எதிர்ப்பக்கம் நின்ற மூன்று நீதிபதிகள் மனம் மாறியிருந்தார்கள். தீர்ப்பை எழுதியவர் ராபர்ட் ஜாக்சன், போர் முடிந்த பிறகு ஜெர்மனியில் நியூரம்பெர்க்கில் நாஜிகளுக்கு எதிராக வழக்கு நடத்தியவர். அரசியலிலோ நாட்டுப்பற்றிலோ மதத்திலோ எது சரியான கருத்து என்று எந்த அதிகாரியும், பெரியவரோ சிறியவரோ, விதிக்க முடியாது என்கிறார். மத உரிமையை வைத்து மட்டும் அவர் தீர்ப்புச் சொல்லவில்லை. எந்த மதத்தினர் ஆனாலும், மதமே இல்லாதவர் ஆனாலும், நம்பாத ஒன்றைச் சொல்லும்படி அரசு ஒருவரைக் கட்டாயப்படுத்தக் கூடாது என்கிறார்.

இதைப் படித்த பிறகுதான் அந்தப் பெண்ணிடம் போய் ஏன் எழுவதில்லை என்று கேட்டேன். "காரணம் சொல்லணும்னு இல்லையே" என்றாள். அவ்வளவுதான். தீர்ப்பு சொல்வதும் அதுதானே!

மச்சான், நம் ஊரில் அசெம்ப்ளியில் நடக்கும் பள்ளி வழிபாட்டிலிருந்து பிள்ளையை விலக்கும் உரிமை பெற்றோருக்குத்தான், ஆறாம் படிவம், அதாவது ஏ லெவல் வகுப்பு, வந்தால்தான் அது நம் கைக்கு வரும். இத்தனை வருடம் அசெம்ப்ளியில் நின்றிருக்கிறோம், இது யார் போட்ட சட்டம் என்று ஒரு தடவையாவது நாம் கேட்டோமா? எனக்கு இப்போது எல்லாவற்றையும் அப்படிக் கேட்க வேண்டும் போல இருக்கிறது. இங்கே 17 வயதிலும் இயற்பியல், இலக்கியம், வரலாறு, பேண்டு எல்லாவற்றையும் ஒன்றாகப் படிக்கிறார்கள். நாமோ 16 வயதில் மூன்று பாடத்தை வைத்துக்கொண்டு மற்றதை மூட்டை கட்டிவிடுகிறோம். நான் எதை மூட்டை கட்டப் பார்த்தேன் என்று இங்கே வந்துதான் தெரிந்தது.

அப்பாவை நினைத்தால்தான் வயிற்றைக் கலக்குகிறது. ஊரை விட்டு வந்தவர், எந்த நாட்டுக்குப் போனாலும் சோறு போடும் படிப்பு வேண்டும் என்கிறார். அதில் தப்பே இல்லை, அவர் பட்டது அப்படி. அதனால் கணிதத்தையும் இயற்பியலையும் விடவில்லை என்று சொல்லித்தான் பேச்சைத் தொடங்குவேன். இன்னொரு கவலையும் உண்டு. இந்த வருடம் ஏ லெவல் கணக்கில் வராது. நான் திரும்பும்போது நீ கடைசி வருடத்தில் இருப்பாய், நான் நம் தம்பிமாரோடு முதல் வருடம். பள்ளியில் சேர்ந்த முதல் வருடமான ரிசப்ஷன் வகுப்பு முதல் ஒரே வகுப்பில் இருந்துவிட்டு இது எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. உனக்கும் இருக்கும் என்று நினைக்கிறேன்.

ஒரு உதவி. அமெரிக்காவில் ஒரு பட்டம் முடித்த பிறகுதான் சட்டம் படிக்கலாம், நம் ஊரில் 18 வயதிலேயே சேரலாம். கணிதம், இயற்பியல், வரலாறு என்ற கூட்டணிக்குச் சட்டக் கல்லூரியில் இடம் தருவார்களா என்று உன் அக்காவிடம் கேட்டு எழுது. அவர் சொன்னால் அப்பா கேட்பார். வாட்ஸ்அப்பில் கட்டை விரலைத் தூக்கிக் காட்டித் தப்பிக்காதே. ஒழுங்காக ஒரு பக்கமாவது எழுது.

அன்புடன்,
உன் பெஞ்சுக் கூட்டாளி