'நான்' எங்கே 'அவள்' ஆகிறது

அன்புள்ள பாப்பாவுக்கு,

உன் திரைக்கதையை இரண்டு முறை படித்தேன். வீட்டை விட்டுக் கிளம்பும் பெண் கண்முன்னே நிற்கிறாள். ஆனால் ஆறாம் பக்கத்தில் கணவன் அவளை அறைகிறானே, அதை எடுத்துவிடு. அறை விழுந்த நொடியில் படம் பார்ப்பவருக்குக் காரணம் கிடைத்துவிடும். 'இவள் ஏன் போகிறாள்' என்ற கேள்வி அங்கேயே செத்துப்போகும். உன் கதையே அந்தக் கேள்விதான்.

ஹாலிவுட் இயக்குநர் கொப்போலா 1969இல் எழுதி இயக்கிய 'தி ரெயின் பீப்பிள்' படத்தைத் தேடிப் பார். 'காட்ஃபாதர்' எடுப்பதற்கு முன்னால் செய்தது. நியூயார்க் பக்கத்து லாங் ஐலண்டில் ஒரு குடும்பத்தலைவி, பெயர் நேட்டலி. ஷர்லி நைட் நடித்திருக்கிறார். விடியற்காலையில் தன்மேல் கிடக்கும் கணவன் கையை மெதுவாக விலக்கி எழுகிறாள். ஒரு சீட்டு எழுதி வைத்துவிட்டு, காரை எடுத்துக்கொண்டு போய்விடுகிறாள். அவன் கெட்டவன் இல்லை. வயிற்றில் பிள்ளை இருப்பது அவனுக்குத் தெரியாது.

அதை அவள் வழியில் ஒரு ஃபோன் பூத்திலிருந்துதான் சொல்கிறாள். இந்தக் காட்சியை நாலைந்து தடவை பார். பேசிக்கொண்டே இருப்பவள், தன்னைப் பற்றியே 'அவள்' என்று சொல்ல ஆரம்பிக்கிறாள். மனைவி என்ற அந்தப் பெண் அவளுக்கே வேறு யாரோ ஆகிவிட்டாள். தமிழில் இது இன்னும் கூர்மையாக விழும், ஏனென்றால் வினைமுற்றே காட்டிக்கொடுத்துவிடும்: 'தவிக்கிறேன்' என்றவள் அடுத்த வரியில் 'தவிக்கிறா' என்பாள். 'பயமா இருக்கு', 'பிடிக்கலை' மாதிரிச் சொற்களை அந்த இடத்தில் வைக்காதே. அவற்றில் யார் என்பது தெரியாது, மாற்றம் காதில் விழாமல் போகும். நடிப்பவரிடம் அழுத்திச் சொல்ல வேண்டாம் என்றும் சொல்லிவிடு.

வழியில் ஜேம்ஸ் கான் நடித்த இளைஞனை ஏற்றிக்கொள்கிறாள். அமெரிக்கக் கால்பந்தாட்டத்தில் தலையில் அடிபட்டு, மனம் குழந்தையாகிப்போனவன். கல்லூரி ஆயிரம் டாலரைக் கையில் கொடுத்து அனுப்பிவிட்டது. மோட்டல் அறையில் அவள் விளையாட்டாகக் கட்டளையிட, சொன்னதையெல்லாம் அவன் அப்படியே செய்கிறான். சபலத்தில் தொடங்கிய காட்சி, இவனையும் நான்தான் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று அவளுக்கு உறைப்பதில் முடிகிறது. எந்தப் பொறுப்புக்குப் பயந்து ஓடினாளோ அதுவே காரில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருக்கிறது. உன் கதையில் அவள் சந்திக்கும் மூன்று பேரும் அறிவுரைதான் சொல்கிறார்கள். ஒருவராவது அவளிடம் எதையாவது கேட்கட்டும்.

அந்தப் படத்தின் முடிவு எனக்கு ஒப்பவில்லை. ராபர்ட் டுவால் நடித்த போலீஸ்காரரின் சின்ன மகள் துப்பாக்கியைத் தூக்க, அந்தப் பையன் சாகிறான். நேட்டலி எடுக்க வேண்டிய முடிவைக் குண்டு எடுத்துவிடுகிறது. உன் கதையில் வரும் லாரி விபத்தும் அதே தப்புதான்.

படப்பிடிப்பைப் பற்றி ஒன்று. கொப்போலாவிடம் இருந்தது சின்னக் குழு, சில வண்டிகள்; சுற்றியது பல மாநிலங்கள். ஸ்டீன்பெக் எடிட்டிங் மேசையையும் வண்டியிலேயே ஏற்றிக்கொண்டு, எடுத்ததை வழியிலேயே வெட்டிப் பார்த்தார்கள். நீயும் பயணம் போகும் வரிசையிலேயே எடு. முகத்தில் ஏறும் களைப்பை மேக்கப்பில் கொண்டுவர முடியாது. கார் மேற்கே போனால் காலை வெயில் பின்கண்ணாடி வழியாக வரும். முன்னாலிருந்து எடுக்கும் குளோசப்பில் முகம் இருட்டடிக்கும். அந்த ஷாட்டுகளைப் பிற்பகலுக்குத் தள்ளு. ஒரே உரையாடலை இரண்டு வேளையாகப் பிரித்து எடுக்காதே, வெட்டும்போது வெளிச்சம் ஒட்டாது.

முதலில் ஃபோன் காட்சியை மட்டும் திருத்தி அனுப்பு. மற்றதை அப்புறம் பார்க்கலாம். நேரத்துக்குச் சாப்பிடு.

அன்புடன்,
அப்பா