மக்ளே, நாள பின்னால இருந்து எண்ணு

மக்ளே,

நேத்து போன்ல நீ அழுதது ராத்திரி முழுக்க காதுலயே கெடந்துது. நேர்ல சொல்ல எனக்கு கூச்சம், அதான் எழுதுதேன்.

பீரியட்ஸ் தொடங்கின நாள்ல இருந்து எண்ணி 12, 13, 14ன்னு நாள் பாத்து பத்து மாசமா சேருதோம் ஒண்ணும் தங்கலன்னு சொன்னல்லா, உனக்கு சின்னதுல இருந்தே 34 நாளுக்கு ஒருக்கதான வரும், அந்த 14 கணக்கு 28 நாளைக்கு ஒருக்க குளிக்கவளுக்கு உள்ளது. எனக்கும் அப்பிடித்தான் ஒரு டாக்டரம்மா 14ன்னு சொல்லி மூணு வருசம் போச்சு, பொறவு பாறசாலைல இருந்து குழித்துறைக்கு வேலைக்கு வந்த ஒரு நர்ஸ் சேச்சிதான் என் கைய பிடிச்சு உக்கார வச்சு, முன்னால இருந்து எண்ணாத, அடுத்த பீரியட்ஸ் வரப்போற நாள்ல இருந்து 14 பின்னால எண்ணுன்னு சொல்லித்தந்தா. அதுதான் முட்டை வெளிய வர நாள், உனக்கு அது 20ஆம் நாள் பக்கம் வரும். முட்டை வெளிய வந்தா ஒரு நாளுக்கு மேல தாங்காது, ஆம்பளையோட விந்து உள்ள 5 நாள் வர இருக்கும், அதனால 15ல இருந்து 20 வரதான் உன்னோட நாள். நீங்க 14லயே நிறுத்திட்டா எப்பிடி தங்கும் சொல்லு.

போன்ல நாள் கணக்கு பாக்க ஆப் (app) சொல்லுதது ஒரு உத்தேசம்தான், ஒடம்பு சொல்லுதத பாரு. அந்த சமயம் வெள்ளைப்படுதது வழுவழுன்னு, பச்ச முட்டையோட வெள்ளக்கரு மாதிரி இழுத்தா நூலா வரும், அது நல்ல அடையாளம். மெடிக்கல்ல முட்டை வரப்போறத காட்டுத ஓவுலேஷன் கிட் கிடைக்கும், மூத்திரத்துல பாக்கது, டெஸ்ட் கோடு பக்கத்து கோடு அளவுக்கு நல்லா தெரிஞ்சா ஒண்ணு ஒன்றர நாள்ல முட்டை வரும். இதெல்லாம் டென்ஷன்னா விடு, 14ல இருந்து 22 வர ஒண்ணு விட்டு ஒரு நாள் சேந்தா போதும்.

நாள் சரியா இருந்தாலும் ஒரு மாசத்துக்கு 100ல 20, 25 பேருக்குத்தான் தங்கும் மக்ளே. அதனால ஒவ்வொரு மாசமும் உன்ன நீயே குத்தம் சொல்லாத. ஒரு வருசம் தாண்டினா டாக்டர பாருங்க, ரெண்டு பேரும் போணும் கேட்டியா, மாப்பிளைக்கு விந்து டெஸ்ட் முதல்லயே எடுக்கணும், அது லேசான டெஸ்ட்தான், உனக்கு மட்டும் ஊசியும் ஸ்கேனுமா எடுத்துட்டு அவர விட்டா நான் சம்மதிக்க மாட்டேன். ஃபோலிக் ஆசிட்னு ஒரு வைட்டமின் மாத்திரை, அத இப்பவே தொடங்கு.

அத்த வீட்டு கல்யாணத்துக்கு நீ வரண்டாம். விசேஷம் உண்டான்னு கேக்கவங்களுக்கு நான் பதில் சொல்லுதேன்.

அம்மா