வடசென்னையில் புற்றுநோய்ப் பரிசோதனை முகாம் நடத்துகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

காசிமேட்டிலிருந்து எழுதுகிறேன். எங்களுடையது மீன் விற்கும் குடும்பம். மகளிர் சுய உதவிக் குழுவில் கணக்கு நோட்டு எழுதுவது என் வேலை. அண்மையில் எங்கள் பகுதியில் பெண்களுக்கான கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனை முகாம் ஒன்று நடந்தது. காலை 10 மணிக்கு நாற்காலி போட்டார்கள், மதியம் 1 மணிக்கு எடுத்துவிட்டார்கள். வந்தவர்கள் கொஞ்சம் பேர்தான். பதிவேட்டை மூடிவைத்த ஒருவர், "இந்தப் பக்கத்துப் பொம்பளைங்களுக்கு விழிப்புணர்வே இல்லை" என்றார். அந்த ஒரு சொல்லுக்காகத்தான் இந்த மடல்.

காலை 10 மணி எங்களுக்கு எப்படிப்பட்ட நேரம் என்று சொல்கிறேன். பொழுது விடியும் முன்பே துறைமுகத்தில் ஏலம். கையில் இருப்பது தினமும் திருப்பிக் கட்டும் தண்டலுக்கு வாங்கிய பணம். மீனை எடுத்து, ஐஸ் போட்டு, தண்டையார்பேட்டை, வண்ணாரப்பேட்டைத் தெருக்களுக்குக் கொண்டுபோய் உட்கார்ந்தால், வியாபாரம் சூடு பிடிப்பதே 8 மணிக்கு மேல்தான். ஐஸ் கரையக் கரைய விலையும் இறங்கும். சாயங்காலம் தண்டல்காரர் வந்து நிற்பார். அன்னக்கூடையை யாரிடம் விட்டுவிட்டு முகாமுக்கு வருவது? வீட்டு வேலைக்குப் போகும் பெண்களுக்கும் இதே கதைதான். அரை நாள் போனால் அரை நாள் சம்பளம் போச்சு. நகரத்தின் மறுபக்கத்தில் கம்பெனியே ஆண்டுக்கொரு முறை உடம்பைச் சோதித்துக்கொள்ளப் பணம் கட்டி, லீவும் கொடுத்து அனுப்புகிறது. அங்கே போகிறவர்களுக்கு எங்களைவிட அறிவு அதிகம் என்று நான் நினைக்கவில்லை.

என் அத்தை முகாமுக்கு வந்தவர்தான். புருஷன் போய்ப் பல வருடம் ஆகியிருந்தது. "எனக்கு எதுக்கும்மா அந்த டெஸ்ட்டு? நாலு பேர் என்ன நினைப்பாங்க?" என்று தயங்கினார். நான்தான் பேசி அழைத்துப் போனேன். ரிசல்ட்டை போனில் சொல்வதாகச் சொன்னார்கள். அத்தைக்கு ஏது போன்? பேரன் நம்பரைக் கொடுத்தார். அவன் சிம்மை மாற்றிவிட்டான். போன் வராததால் ஒன்றும் இல்லை என்று நாங்களும் இருந்துவிட்டோம். ஏழெட்டு மாதம் கழித்து ரத்தப்போக்கு நிற்காமல் பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனபோது முற்றியிருந்தது. எத்தனை பேரைப் பரிசோதித்தோம் என்ற கணக்கில் என் அத்தையும் ஒரு எண்ணாக இருப்பார். அதை நினைக்காமல் என்னால் இருக்க முடியவில்லை.

கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் ஒரே இரவில் வருவதில்லை. உடலுறவில் பரவும் எச்.பி.வி. கிருமி தொற்றி அது புற்றாக மாற 15, 20 வருடம்கூட ஆகும். விதவையானாலும் பிள்ளைப்பேறு முடிந்திருந்தாலும் பரிசோதனை தேவைப்படுவது அதனால்தான். நம் திண்டுக்கல் மாவட்டத்துக் கிராமங்களில் பெரிய ஆய்வு ஒன்று நடத்தி, 2007இல் முடிவை வெளியிட்டார்கள். நீர்த்த அசிட்டிக் அமிலத்தைத் தடவி, ஒரு நிமிடம் பொறுத்து, வெளுத்த இடம் தெரிகிறதா என்று பார்க்கும் எளிய சோதனைதான். பயிற்சி பெற்ற செவிலியர்களே செய்தார்கள். தேவைப்பட்டவர்களுக்குச் சிகிச்சையும் கிடைத்தது. இந்தப் புற்றால் சாகிறவர்கள் 35 சதவீதம் குறைந்தார்கள். ஆனால் 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, 30 முதல் 49 வயதுப் பெண்களில் ஒரு முறையாவது இந்தப் பரிசோதனை செய்துகொண்டவர்கள் நாடு முழுவதும் 100க்கு 2 பேர்கூட இல்லை. தமிழ்நாட்டில் ஏறக்குறைய 10 பேர். மற்ற மாநிலங்களைவிட மேல் என்பது சரி, மீதி 90 பேர் யார்?

கர்ப்பமான பெண் ஒருத்தியையும் நம் ஊர் விடுவதில்லை. பிக்மி என்ற கர்ப்பிணிப் பதிவு எண் போட்டு, ஊசிக்கும் ஸ்கேனுக்கும் தேதி சொல்லி, வராவிட்டால் நர்ஸ் அக்கா வீட்டு வாசலுக்கே வந்துவிடுவார். பிள்ளை பிறந்து கருத்தடையும் முடிந்தால் எங்கள் பெயர் நோட்டிலிருந்து மறைந்துபோகிறது. 2021இல் மக்களைத் தேடி மருத்துவம் வந்த பிறகு பிரஷர், சுகர் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. எங்களைத் தேடி வரத் தெரியாமல் இல்லை என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

அதனால் கேட்கிறேன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கடலுக்குப் போகாத 61 நாள் இருக்கிறதே, அப்போது எங்கள் பக்கம் முகாம் போடுங்கள். மற்ற மாதங்களில் சாயங்காலமோ ஞாயிற்றுக்கிழமை மதியத்துக்கு மேலோ வையுங்கள். பரிசோதிப்பவர் பெண்ணாக இருக்கட்டும். சேலையைக் கட்டித் திரை போட்ட மூலை வேண்டாம், கதவு உள்ள அறை வேண்டும். எச்.பி.வி. பரிசோதனைக்குப் பெண்ணே தன் கையால் மாதிரி எடுத்துக் கொடுக்கலாம், உலக சுகாதார நிறுவனமும் அதை ஏற்றிருக்கிறது. கூச்சப்படுகிறவர்களுக்கு அந்த வழியைத் திறந்துவிடுங்கள். எல்லாவற்றையும்விட, ரிசல்ட்டை ஆள் மூலம் கையில் சேருங்கள். சந்தேகம் என்று வந்தால் எந்த ஆஸ்பத்திரி, எந்தக் கட்டடம், எந்தக் கிழமை என்று தமிழில் எழுதிக் கொடுத்து, முதல் நாள் ஒருவர் கூடவே போக வேண்டும். ஸ்டான்லி ஆஸ்பத்திரி பக்கத்தில்தான் இருக்கிறது. ஆனால் உள்ளே போய் எங்கே நிற்பது என்று தெரியாமல் திரும்பி வந்தவர்களை எனக்குத் தெரியும்.

எங்கள் குழுவில் தெருவாரியாக 30 வயது தாண்டிய பெண்களின் பெயரை எழுதத் தொடங்கிவிட்டோம். ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் அவர் வேலைக்குப் போகும் நேரம், வீட்டில் இருக்கும் நேரம், யார் போனில் சொன்னால் சேதி போய்ச் சேரும் என்பதும் இருக்கிறது. இரண்டு தெரு முடிந்தது. அடுத்த முகாமுக்கு முன் இந்த நோட்டை உங்களில் யாரிடம் கொடுக்க வேண்டும் என்று சொல்லுங்கள்.

இப்படிக்கு,
காசிமேட்டு மீன் வியாபாரி ஒருத்தியின் மகள்