கண்ணாடியில் தெரியாத முகம்: ஆஸ்கர் அகாதெமிக்கு ஒரு திறந்த மடல்

ஆஸ்கர் அகாதெமி உறுப்பினர்களுக்கு,

வணக்கம். நீங்கள் கொடுக்கப் போகும் ஸ்டண்ட் விருதைப் பற்றியது இந்த மடல்.

1968-இல் வெளிவந்த 'புல்லிட்' படத்தின் சேஸிங் காட்சியை இன்னொரு முறை போட்டுப் பாருங்கள். இந்தத் தடவை சாலையை விட்டுவிட்டு, மஸ்டாங் காருக்குள் இருக்கும் பின்நோக்குக் கண்ணாடியைக் கவனியுங்கள். சில ஷாட்களில் நாயகன் ஸ்டீவ் மெக்வீனின் முகம் அதில் தெரியும். ஓட்டுவது அவரேதான். வேறு சில ஷாட்களில் கண்ணாடி திரும்பியிருக்கும், முகம் தெரியாது. அங்கே ஓட்டுவது டூப். சான்பிரான்சிஸ்கோ மேடுகளின் கடினமான இடங்களில் மெக்வீனுக்காக ஸ்டியரிங்கைப் பிடித்தவர்களில் முக்கியமானவர் ஸ்டண்ட் கலைஞர் பட் எகின்ஸ்.

அந்தப் படத்துக்கு நீங்கள் கொடுத்த ஆஸ்கர், படத்தொகுப்புக்கு. கொடுத்தது சரிதான். ஒரே பச்சை வோக்ஸ்வேகன் காரைத் திரும்பத் திரும்ப முந்திப் போவதும், இருக்கும் சக்கரங்களைவிட அதிகமான வீல் கப்புகள் கழன்று ஓடுவதும் தெரிந்த பிறகும் நாம் மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் பார்க்கிறோம். அது கத்தரிக்கோல் செய்த மாயம். ஆனால் கத்தரிப்பதற்கு யாராவது முதலில் ஓட்டியிருக்க வேண்டுமே.

ஸ்டண்ட் வடிவமைப்புக்கு இனி தனி விருது உண்டு என்று 2025 ஏப்ரலில் அறிவித்தீர்கள். 2027-இல் வெளியாகும் படங்களுக்கு, 2028-இல் நடக்கும் நூறாவது விழாவில் முதல் முறையாக அதைக் கொடுக்கப் போகிறீர்கள். யாருக்குத் தகுதி, எப்படி வாக்கு என்ற விதிகளை 2027-இல்தான் வெளியிடுவீர்களாம். ஏட்டில் ஏறிய பிறகு விதியை மாற்றுவது லேசல்ல என்பதால் முன்கூட்டியே இந்த மடலை எழுதுகிறேன்.

எனக்குப் பிடித்த படவகை ஒன்றைச் சொல்லியே கேட்க வேண்டியதைக் கேட்கிறேன். கொள்ளையடிக்க உள்ளே போகிறவர்களை விட்டுவிட்டு, வெளியே என்ஜினை அணைக்காமல் காத்திருப்பவனைக் கதாநாயகனாக்கும் படங்கள். அவன் துப்பாக்கி எடுப்பதில்லை, பெட்டகத்தைத் திறப்பதில்லை. ஏற்றிக்கொண்டு தப்பவைப்பது ஒன்றுதான் அவன் தொழில். 1978-இல் வால்டர் ஹில் எடுத்த 'தி டிரைவர்' படத்தில் அவனுக்குப் பெயரே கிடையாது. 2011-இல் வந்த 'டிரைவ்' நாயகனுக்கும் அப்படித்தான்.

இந்த இரண்டாவது படம்தான் உங்கள் மனசாட்சியைத் தொட்டிருக்க வேண்டும். ரயன் கோஸ்லிங் நடித்த அந்த நாயகன் இரவில் கொள்ளையர்களுக்குக் கார் ஓட்டுகிறான். பகலில் ஹாலிவுட்டில் ஸ்டண்ட் டிரைவர். நட்சத்திரத்தின் முகத்தை ரப்பர் முகமூடியாக மாட்டிக்கொண்டு, அவருக்குப் பதிலாகக் காரைக் கவிழ்க்கப் போகிறான். உங்கள் தொழிலின் மிகப் பழைய ரகசியத்தை ஒரு குற்றப்படம் முகமூடியோடு திரையில் நிறுத்தியது. நீங்கள் அதற்குக் கொடுத்தது ஒரே ஒரு பரிந்துரை, ஒலித்தொகுப்புக்கு.

அதன் தொடக்கக் காட்சியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். விருதின் பெயரில் 'வடிவமைப்பு' என்ற சொல் இருக்கிறதே, அதற்கு இதைவிட நல்ல விளக்கம் எனக்குத் தெரியவில்லை. ஐந்து நிமிடம்தான் உங்களுக்காகக் காத்திருப்பேன் என்பது அவன் விதி. வண்டி சாம்பல் நிற ஷெவர்லே இம்பாலா, யாரும் திரும்பிப் பார்க்காத கார். ஒரு பக்கம் போலீஸ் அலைவரிசை, இன்னொரு பக்கம் வானொலியில் கூடைப்பந்து வர்ணனை. விளையாட்டு எதற்கு என்று நமக்கு அப்போது புரியாது. ஹெலிகாப்டர் விளக்கு வந்தால் பாலத்துக்கடியில் ஒதுங்குகிறான். சிக்னலில் எதிரே போலீஸ் கார் நின்றால் அவனும் நிற்கிறான். பாய வேண்டிய இடத்தில் மட்டும் பாய்கிறான். கடைசியில் ஆட்டம் முடிந்து கூட்டம் வெளியேறும் அதே நேரத்தில் அரங்கின் கார் நிறுத்துமிடத்துக்குள் நுழைந்து, வண்டியை விட்டுவிட்டு, அணியின் தொப்பியை மாட்டிக்கொண்டு கூட்டத்தோடு கூட்டமாக நடந்து போய்விடுகிறான்.

ஒரு கார் கூடக் கவிழவில்லை. ஆனாலும் அது ஸ்டண்ட் வடிவமைப்புதான். எங்கே நிற்பது, எவ்வளவு நேரம் நிற்பது, எந்த நொடியில் ஆக்சிலரேட்டரை மிதிப்பது என்று யாரோ உட்கார்ந்து கணக்குப் போட்டிருக்கிறார்கள். உங்கள் வாக்காளர்கள் எத்தனை கார் நொறுங்கியது என்று எண்ணத் தொடங்கினால் இப்படிப்பட்ட காட்சி முதல் சுற்றிலேயே போய்விடும். அதனால்தான், வாக்களிப்பவர்களுக்கு வெட்டி ஒட்டிய துணுக்கை மட்டும் காட்டாமல், காட்சியின் திட்ட வரைபடத்தையும் ஒத்திகைப் பதிவையும் சேர்த்துக் காட்ட வேண்டும் என்று கேட்கிறேன்.

விருது வைத்தால் போட்டிக்காக உயிரைப் பணயம் வைப்பார்களே என்று சிலர் அஞ்சுகிறார்கள். அந்த அச்சத்தை நான் தள்ளிவிட மாட்டேன். 1971-இல் வந்த 'தி பிரெஞ்ச் கனெக்ஷன்' படத்துக்காக ஸ்டண்ட் டிரைவர் பில் ஹிக்மன் நியூயார்க்கின் புரூக்ளினில் மேம்பால ரயில் பாதைக்கடியில் காரைப் பறக்கவிட்டார். முறையான அனுமதி இல்லை, போக்குவரத்தை நிறுத்தவும் இல்லை. பின்சீட்டில் கேமராவோடு உட்கார்ந்திருந்தவர் இயக்குநர் வில்லியம் பிரீட்கின். அவரே பின்னாளில் இதைச் சொல்லியிருக்கிறார். சிறந்த படம் உட்பட 5 ஆஸ்கர் வாங்கிய படம் அது. அந்தக் காட்சியை எத்தனை முறை பார்த்தாலும் எனக்குச் சிலிர்க்கிறது. அதே முறையில் இன்று எடுத்த காட்சிக்கு விருது கொடுத்தால் முதலில் திட்டுவதும் நானாகத்தான் இருப்பேன். பாதுகாப்பு ஏற்பாடுகளை எழுத்தில் தராத படம் போட்டிக்கே வரக்கூடாது என்று விதியில் எழுதுங்கள்.

அடுத்தது பெயர்கள். இந்த விருது பெரும்பாலும் ஸ்டண்ட் ஒருங்கிணைப்பாளர்கள் கைக்குத்தான் போகும் என்று நினைக்கிறேன். போகட்டும், மூளை அவர்களுடையது. ஆனால் 2017-இல் வந்த 'பேபி டிரைவர்' படத்தில் சிவப்பு சுபாரு ஒரு சந்துக்குள் சுழன்று நுழைந்து சுழன்றே வெளியேறுகிறதே, அதை ஓட்டிய ஜெரமி ஃப்ரையின் கைக்கு என்ன கிடைக்கும்? அந்தப் படத்துக்கும் உங்கள் பரிந்துரைகள் 3: படத்தொகுப்பு, ஒலித்தொகுப்பு, ஒலிக்கலவை. காரின் சத்தத்தைக் கேட்டீர்கள், காரை வெட்டி ஒட்டியதைப் பார்த்தீர்கள், ஓட்டியவரைத்தான் விட்டுவிட்டீர்கள். அமெரிக்கத் திரை நடிகர் சங்கம் 2008 முதலே ஸ்டண்ட் குழு முழுமைக்கும் விருது கொடுத்து வருகிறது. சிலையை ஒருவரே வாங்கினாலும், சான்றிதழில் ஸ்டியரிங்கைப் பிடித்தவர்களின் பெயர்கள் அச்சாக வேண்டும்.

ஹிக்மனைப் பற்றி இன்னும் ஒன்று. 'புல்லிட்' படத்தில் மஸ்டாங்கிடமிருந்து தப்பி ஓடும் டாட்ஜ் சார்ஜரை ஓட்டியவரும் அவர்தான், வில்லனின் டிரைவராக நடித்தவரும் அவரேதான். அதனால் அந்தக் காரில் எந்தக் கண்ணாடியையும் திருப்பி வைக்க வேண்டியிருக்கவில்லை. மூக்குக்கண்ணாடி போட்ட ஒரு நடுவயதுக்காரர் பதறாமல் சீட் பெல்ட்டை மாட்டிக்கொள்ளும் அந்த ஒரு ஷாட்டுக்காகவே அந்தப் படத்தை நான் எத்தனை தடவை பார்த்தேனோ.

'பேபி டிரைவர்' படப்பிடிப்பில் இன்னொரு கருவியும் உண்டு. நாயகன் உள்ளே ஸ்டியரிங்கைச் சுழற்றி நடித்துக்கொண்டிருப்பார். காரின் கூரைமேல் பொருத்திய கூண்டில் உட்கார்ந்து உண்மையில் ஓட்டுபவர் வேறொருவர். நாம் பார்க்கும் சட்டகத்துக்குச் சற்று மேலேதான் அவர் இருக்கிறார். 2028-இல் அந்த உறையைப் பிரிப்பதற்கு முன் திரையில் துணுக்குகள் போடுவீர்கள் அல்லவா? கேமராவைக் கொஞ்சம் பின்னால் இழுத்து, கூரைமேல் இருப்பவரும் தெரிகிற ஷாட்டை ஒரு தடவையாவது போடுங்கள்.

இப்படிக்கு,
கடைசிப் பெயர் ஓடி முடியும்வரை இருக்கையை விட்டு எழாத ஒரு ரசிகன்