காய்ச்சல் நாளில் இன்சுலினை நிறுத்தலாமா?

ஆசிரியருக்கு வணக்கம்.

கொரோனா இரண்டாம் அலை ஓய்ந்தாலும், சர்க்கரை நோயாளிகள் இருக்கும் வீடுகள் கவனத்தைத் தளரவிடக் கூடாது. முகக்கவசம், சோப்பு, தடுப்பூசி எல்லாம் எல்லாருக்கும் தெரியும். காய்ச்சல் வந்த நாளில் என்ன செய்வது என்பதுதான் பல வீடுகளில் தெரியவில்லை.

என் அம்மா 15 வருடமாக இன்சுலின் போடுகிறார். கடந்த மே மாதம் காய்ச்சலில் இரண்டு நாள் வெறும் கஞ்சிதான். "சாப்பிடாதவங்களுக்கு ஊசி எதுக்கு?" என்று நாங்களே நிறுத்திவிட்டோம். மூன்றாம் நாள் சர்க்கரை 400-ஐத் தாண்டிவிட்டது. சாப்பிடாவிட்டாலும் காய்ச்சலில் உடம்பு தானாகவே சர்க்கரையை ஏற்றும் என்று மருத்துவர் சொன்ன பிறகுதான் புரிந்தது. ஊசி அளவைக் கூட்டுவதும் குறைப்பதும் அவரைக் கேட்டுத்தான். அந்த நாட்களில் சில மணி நேரத்துக்கு ஒருமுறை குளுக்கோமீட்டரில் பார்க்க வேண்டும், தண்ணீர் அடிக்கடி கொடுக்க வேண்டும். சர்க்கரை அளவு 70-க்குக் கீழே இறங்கினால் உடனே மூன்று டீஸ்பூன் சர்க்கரையைக் கரைத்துக் கொடுக்க வேண்டும்.

அப்புறம், காய்ச்சலுக்கு என்று ஸ்டீராய்டு மாத்திரையை (வீக்கத்தைக் குறைக்கும் மருந்து) மருந்துக் கடையில் நீங்களாகவே கேட்டு வாங்கி விழுங்காதீர்கள். அது சர்க்கரையை எகிற வைக்கும். கட்டுப்படாத சர்க்கரையும் ஸ்டீராய்டும் சேர்ந்ததுதான் கருப்புப் பூஞ்சைக்குப் பலர் கண்ணைப் பறிகொடுத்ததன் முக்கியக் காரணம்.

2021 ஆகஸ்ட் 5-ல் தமிழக அரசு தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. மிக நல்ல காரியம். கொண்டுவரும் பணியாளர்களிடம், காய்ச்சல் நாட்களில் செய்ய வேண்டியதை ஒரு பக்கத் தாளில் அச்சடித்துக் கொடுத்தனுப்ப அரசு ஏற்பாடு செய்ய வேண்டுகிறேன்.

- ஒரு வாசகி, தஞ்சாவூர்