புத்தகத்தை மூடிவிட்டுச் சொல்லச் சொல்லுங்கள்

பிளஸ் ஒன், பிளஸ் டூ அறிவியல் பிரிவு மாணவர்களின் பெற்றோருக்குத் தலைமையாசிரியர் எழுதும் கடிதம்
அரசு மேல்நிலைப் பள்ளி, ஊத்தங்கரை வட்டம், கிருஷ்ணகிரி மாவட்டம்

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம்.

காலாண்டுத் தேர்வு மதிப்பெண் பட்டியலில் கையெழுத்துப் போட வந்தபோது உங்களில் பலர் ஒரே விஷயத்தைத்தான் சொன்னீர்கள். "ராத்திரி பன்னெண்டு மணி வரைக்கும் புக்கை வச்சுக்கிட்டுத்தான் சார் இருக்கான். பிசிக்ஸ்ல மட்டும் மார்க் ஏற மாட்டேங்குது." ஒரு அம்மாவுக்குச் சொல்லும்போதே கண் கலங்கிவிட்டது. வரிசையில் நின்றபடி இரண்டு வார்த்தையில் பதில் சொல்லி அனுப்பும் விஷயம் இல்லை இது. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

தலைமையாசிரியர் ஆவதற்கு முன்பு பல வருடங்கள் இயற்பியல் பாடம் எடுத்தவன் நான். போன வாரம் இரண்டு நாள் மாலையில், நம் இயற்பியல் ஆசிரியரோடு சேர்ந்து பிளஸ் டூ விடைத்தாள்களை ஒவ்வொன்றாகப் புரட்டினேன். பிள்ளைகள் படிக்கவில்லை என்று சொல்ல முடியாது. வரையறைகள் எழுத்துப் பிசகாமல் இருந்தன. சூத்திரம் எப்படி வருகிறது என்று படிப்படியாகக் காட்டும் நீளமான தருவித்தல்கூடப் பலர் முழுசாக எழுதியிருந்தார்கள். கணக்கு வந்த இடத்தில்தான் தாள் வெறுமையாகக் கிடந்தது. ஒரு பையன் இரண்டு மின்னூட்டங்களுக்கு இடையிலான விசையைச் சொல்லும் கூலூம் விதியை அழகாக எழுதிவிட்டு, அதற்குக் கீழே இருந்த கணக்கில் 10 சென்டிமீட்டரை 0.1 மீட்டராக மாற்றாமல் அப்படியே 10 என்று போட்டுவிட்டான். தூரத்தை வர்க்கப்படுத்த வேண்டும் அல்லவா? விடை பத்தாயிரம் மடங்கு பிசகிவிட்டது. அவ்வளவு சின்ன விடை வந்தும் அவனுக்குச் சந்தேகம் வரவில்லை. வாய் படித்திருக்கிறது, கை படிக்கவில்லை. அந்தத் தாளைப் பார்க்கும்போது எனக்கு மனசு கஷ்டமாகத்தான் இருந்தது, ஏனென்றால் அந்தப் பையனின் உழைப்பு பொய் இல்லை.

இதை நான் அனுபவித்திருக்கிறேன். இந்த ஊர்ப் பக்கம் அப்போது தர்மபுரி மாவட்டம். 2004-இல்தான் கிருஷ்ணகிரி தனி மாவட்டம் ஆனது. பிளஸ் டூ படிக்கும்போது இயற்பியல் புத்தகத்தை எத்தனை முறை வாசித்தேன் என்று கணக்கே இல்லை. எந்தப் படம் எந்தப் பக்கத்தில் எந்த மூலையில் இருக்கிறது என்றுகூடச் சொல்வேன். பரீட்சையில் கேள்வியைக் கொஞ்சம் திருப்பிக் கேட்டிருந்தார்கள். அந்தப் பக்கம் கண் முன்னால் வந்து நின்றது, பதில் வரவில்லை. அழுதுகொண்டே வீட்டுக்கு நடந்தேன். என் அப்பா திட்டவில்லை. ஆனால் என்ன கேட்பது, எப்படி உதவுவது என்று அவருக்கும் தெரியவில்லை. அவர் படித்தது மூன்றாம் வகுப்பு வரைக்கும்தான்.

திரும்பத் திரும்ப வாசித்தால் பாடம் பழகிப்போகும். பழகியது எல்லாம் தெரிந்த மாதிரியே இருக்கும். ரோடிகர், கார்ப்பிக்கி என்ற இரண்டு உளவியலாளர்கள் 2006-இல் அமெரிக்கக் கல்லூரி மாணவர்களை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். ஒரு பிரிவினர் ஒரு பகுதியை மறுபடி மறுபடி வாசித்தார்கள். இன்னொரு பிரிவினர் வாசித்துவிட்டு, தாளை மூடி வைத்து, நினைவிலிருந்து எழுதிப் பார்த்தார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது வாசித்தவர்கள்தான் முன்னால் இருந்தார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது நிலைமை தலைகீழ். எழுதிப் பார்த்தவர்கள் நன்றாகவே முந்திவிட்டார்கள். பொதுத்தேர்வு ஐந்து நிமிடத்தில் வருவதில்லை, மாதக்கணக்கில் கழித்துத்தான் வருகிறது.

எனவே உங்களிடம் நான் கேட்பது ஒன்றே ஒன்று. தினமும் கால் மணி நேரம் பிள்ளை பக்கத்தில் உட்காருங்கள். "புத்தகத்தை மூடிட்டு, இன்னைக்கு என்ன நடத்துனாங்கன்னு சொல்லு" என்று கேளுங்கள். உங்களுக்கு இயற்பியல் தெரிந்திருக்க வேண்டியதில்லை. தெரியாமல் இருப்பது இன்னும் நல்லது என்றுகூடச் சொல்வேன், ஏனென்றால் அரைகுறையாகச் சொல்லி உங்களுக்குப் புரியவைக்க முடியாது.

நம் பள்ளியில் படித்த ஒரு பெண்ணின் வீட்டில் இது நடந்ததை நானே பார்த்தேன். அம்மா மாம்பழ சீசனில் மாங்கூழ் கம்பெனி வேலைக்குப் போவார், மற்ற நாட்களில் கூலி வேலை. நான் போன நேரத்தில் திண்ணையில் முறத்தை வைத்துக்கொண்டு நிலக்கடலை உரித்துக்கொண்டிருந்தார். எதிரே மகள் மின்தேக்கியைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தாள். இரண்டு தட்டு, நடுவில் இடைவெளி, தட்டுகளைக் கிட்டக் கொண்டுவந்தால் கூடுதலாக மின்னூட்டம் சேமிக்கலாம் என்று வேகமாகப் போனாள். அம்மா கையை நிறுத்தாமல், "கிட்ட கொண்டாந்தா ஏன் அதிகமாகுது?" என்றார். மகள் நின்றுவிட்டாள். வாய் திறந்தது, மூடியது. எழுந்து போய்ப் புத்தகத்தை எடுத்தாள். அரைப் பக்கம் வாசித்தாள், திரும்பி வந்து உட்கார்ந்து மறுபடி முதலிலிருந்து சொன்னாள். அம்மா கேட்டது மொத்தமே இரண்டு கேள்விதான்: "ஏன்?", "அப்புறம்?" எந்த டியூஷனிலும் கிடைக்காத பாடம் அது. எங்கே தடுக்கிறதோ அந்த இடம்தான் அன்றைக்குப் படிக்க வேண்டிய இடம் என்று அந்தப் பெண்ணுக்குத் தானாகவே தெரிந்துவிட்டது.

மற்ற விஷயங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒரு பாடத்தை ஒரே நாளில் நாலு மணி நேரம் உட்கார்ந்து முடிப்பதைவிட, இன்று ஒரு மணி நேரம், இரண்டு நாள் விட்டு அரை மணி நேரம், அடுத்த வாரம் ஒரு தடவை என்று பிரித்துப் பார்த்தால் மனசில் தங்கும். கணக்குப் போடும்போது தீர்த்துவைத்த கணக்கைப் பார்த்துப் பார்த்து எழுதுவதில் பயனில்லை. முதலில் தானாகப் பத்து நிமிடம் முட்டிமோதிப் பார்க்கட்டும், அப்புறம் விடையைப் பார்க்கட்டும். தப்பாகப் போட்ட கணக்குகளுக்கென்று தனியாக ஒரு நோட்டு போடச் சொல்லியிருக்கிறோம். அலகை மாற்றவில்லை, குறியைத் தப்பாகப் போட்டேன், படம் வரையவில்லை என்று காரணத்தைப் பிள்ளையே தன் கையால் அதில் எழுத வேண்டும். அந்த நோட்டை வாரம் ஒருமுறை வாங்கிப் பாருங்கள். அதில் தப்புகள் நிறைய இருந்தால் திட்டாதீர்கள். வெறும் நோட்டாக இருந்தால்தான் கவலைப்பட வேண்டும்.

தூக்கத்தைக் குறைக்க வேண்டாம். பத்து மணிக்குப் படுத்து ஐந்து மணிக்கு எழுந்து படிக்கும் பிள்ளை, பன்னிரண்டு மணி வரை கண்ணைக் கசக்கிக்கொண்டு உட்காரும் பிள்ளையைவிடத் தெளிவாக இருக்கும். படிக்கும் நேரத்தில் போன் உங்கள் கையில் இருக்கட்டும்.

பிளஸ் ஒன் பெற்றோருக்குத் தனியாக ஒரு வார்த்தை. "அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்" என்று விட்டுவிடாதீர்கள். நீட், ஜேஇஇ இரண்டிலும் இரண்டு வருடப் பாடத்திலிருந்தும் கேள்வி வருகிறது. அதைவிட முக்கியம், பிளஸ் ஒன்னில் விசை, வேலை, ஆற்றல் புரியாத பிள்ளைக்குப் பிளஸ் டூவில் மின்புலமும் மின்னழுத்தமும் வெறும் எழுத்தாகத்தான் தெரியும்.

செய்முறை வகுப்பு நடக்கும் நாட்களில் தயவுசெய்து பிள்ளைகளை வீட்டு விசேஷத்துக்கோ காட்டு வேலைக்கோ நிறுத்த வேண்டாம். பிளஸ் டூ இயற்பியலில் எழுத்துத் தேர்வு 70, செய்முறை 20, அகமதிப்பீடு 10. இருபது மதிப்பெண்ணுக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. போன வருடம் நடந்ததைச் சொல்கிறேன். ஒரு மாணவன் மின்மாற்றிக் கணக்கு என்றாலே பயந்து ஒதுங்குவான். அவன் அப்பா மோட்டார் ரீவைண்டிங் கடை வைத்திருக்கிறார். செய்முறை வகுப்பில் திருகு அளவியைக் கையில் கொடுத்ததும், யாரும் சொல்லித்தராமலே கம்பியை வைத்துத் திருகி, 0.01 மில்லிமீட்டர் வரை சரியாகப் படித்துச் சொன்னான். "எங்க கடையில இருக்கு சார், கம்பி கேஜ் பாக்கறதுக்கு" என்றான். நம் ஆசிரியர் அங்கேயே பிடித்துக்கொண்டார். "கடையில ஸ்டெபிலைசருக்குச் சுத்து எண்ணுவீங்களே, 230 வோல்ட்டுக்கு ஆயிரம் சுத்துன்னா பதினொன்றரை வோல்ட்டுக்கு எத்தனை?" பையன் பேப்பர் எடுக்கவே இல்லை. "அம்பது" என்றான். பாடப்புத்தகத்தில் இருக்கும் சமன்பாடு அதுவேதான் என்று அவனுக்குப் புரிந்தபோது அவன் முகம் மாறியதை ஆசிரியர் என்னிடம் வந்து சொன்னார்.

உங்கள் கிணற்றடியிலேயே இயற்பியல் இருக்கிறது. வோல்டேஜ் குறைவாக இருக்கும்போது மோட்டார் போட்டால் உள்ளே இருக்கும் கம்பிச் சுருள், அதாவது காயில், ஏன் எரிகிறது என்று பிள்ளையிடம் கேளுங்கள். குறைந்த வோல்டேஜில் அதே தண்ணீரைத் தள்ள மோட்டார் கூடுதலாகக் கரண்ட் இழுக்கும். காயிலில் உண்டாகும் வெப்பம் கரண்டின் வர்க்கத்தைப் பொறுத்தது. கரண்ட் இரண்டு மடங்கானால் வெப்பம் நாலு மடங்கு. கம்பியின் மேல் பூசிய வார்னிஷ் கருகும், அப்புறம் ரீவைண்டிங் செலவு. இந்தப் பதிலைப் பிள்ளை தானாகவே சொல்லிவிட்டால், ஒரு பாடம் முழுசாக உள்ளே போயிருக்கிறது என்று அர்த்தம்.

சரி, இதைப் படித்து என்ன ஆகப்போகிறது என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. டாக்டர், இல்லையென்றால் இன்ஜினியர், இரண்டும் இல்லையென்றால் ஒன்றுமில்லை என்று நம் ஊரில் ஒரு எண்ணம் இருக்கிறது. அது சரியில்லை.

இன்ஜினியரிங் கலந்தாய்வில் 200-க்கு கட்ஆஃப் கணக்கிடும்போது கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50. அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத இடஒதுக்கீடு உண்டு, அதில் சேர்ந்தால் கட்டணத்தை அரசே ஏற்கிறது. பர்கூரிலும் தர்மபுரியிலும் அரசுப் பொறியியல் கல்லூரி இருக்கிறது. பி.எஸ்சி. இயற்பியல் படிக்க நம் மாவட்டத்திலேயே அரசுக் கலைக் கல்லூரி இருக்கிறது. அந்தப் பட்டத்தோடு கல்பாக்கம் அணு ஆராய்ச்சி மையத்தில் உதவித்தொகையுடன் கூடிய பயிற்சிக்கு விண்ணப்பிக்கலாம். வானிலை ஆய்வுத் துறையில் அறிவியல் உதவியாளர் வேலைக்குத் தேர்வு எழுதலாம். புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு சிகிச்சை தரும் மருத்துவமனையில், நோயாளிக்கு எவ்வளவு கதிர்வீச்சு போக வேண்டும் என்று கணக்கிடுபவர் மருத்துவ இயற்பியல் படித்தவர்தான். இப்படி ஒரு வேலை இருக்கிறது என்பதே நம் பிள்ளைகளில் பலருக்குத் தெரியாது. ஜாம் (JAM) என்ற நுழைவுத் தேர்வில் தேறினால் ஐஐடிகளில் எம்.எஸ்சி. படிக்கலாம். ஓசூரைத் தாண்டினால் வரும் பெங்களூரில்தான் இந்திய அறிவியல் கழகம் இருக்கிறது.

மார்க் குறைந்துவிட்டால் வழி அடைந்துவிடும் என்று நினைக்க வேண்டாம். 2023 ஆகஸ்ட் 23 அன்று சந்திரயான்-3 நிலவில் இறங்கியதே, அந்தத் திட்டத்தின் இயக்குநர் வீரமுத்துவேல் விழுப்புரத்துக்காரர். பாலிடெக்னிக்கில் டிப்ளமோ முடித்துவிட்டு மேலே படித்தவர்.

"பொண்ணுக்கு எதுக்கு சார் பிசிக்ஸ்" என்று கேட்ட ஒரு அப்பாவுக்கும் இந்தக் கடிதம் போகிறது. அவர் மனசு புண்படும்படி எழுத விரும்பவில்லை. சூரியனை ஆராயப் போன ஆதித்யா-எல்1 திட்டத்தின் இயக்குநர் நிகார் ஷாஜி, செங்கோட்டையில் பிறந்து வளர்ந்தவர். உங்கள் மகள் போன காலாண்டில் இயற்பியலில் வகுப்பில் முதலாவது. பிளஸ் டூ முடித்ததும் வரன் பார்ப்பதை நிறுத்தி வையுங்கள். கல்லூரிக்குப் போனால் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய் வரும். பையன்களுக்குத் தமிழ்ப்புதல்வன் திட்டத்தில் அதே தொகை. பஸ் செலவுக்கும் புத்தகத்துக்கும் அது போதும். மற்றதை நாம் சேர்ந்து யோசிப்போம்.

இன்னொரு வேண்டுகோள். நகையை அடகு வைத்தோ வட்டிக்கு வாங்கியோ எந்தப் பயிற்சி மையத்திலும் பணம் கட்டுவதற்கு முன், ஒரு தடவை பள்ளிக்கு வந்து எங்களிடம் பேசிவிட்டுப் போங்கள். சில வருடங்களுக்கு முன் ஒரு குடும்பம் அப்படிக் கட்டிவிட்டு, பிள்ளைக்கு அது ஒத்துவராமல் பாதியில் திரும்பியது. பணம் திரும்பவில்லை. அந்தத் தகப்பனார் என் எதிரே உட்கார்ந்திருந்த விதம் இன்னும் எனக்கு மறக்கவில்லை.

ஒரு நல்ல செய்தி. மழை மாதங்கள் கழிந்து ஜனவரியில் வானம் தெளிந்ததும், பிளஸ் டூ பிள்ளைகளை ஜவ்வாது மலைமேல் இருக்கும் காவலூர் வைணு பாப்பு வானாய்வகத்துக்கு அழைத்துப் போக நினைக்கிறோம். அனுமதி கேட்டு எழுதியிருக்கிறோம். பக்கத்து மாவட்டத்தில் இருந்தும் நம்மில் பலர் போனதில்லை. அங்கே 2.3 மீட்டர் குறுக்களவுள்ள ஆடி கொண்ட தொலைநோக்கி 1986-லிருந்து இயங்குகிறது. 1977 மார்ச்சில் யுரேனஸ் கோள் ஒரு விண்மீனை மறைக்கவிருந்த இரவில், மறைப்பதற்கு முன்பே அந்த விண்மீனின் ஒளி மங்கியதைக் காவலூரில் இருந்தும் பதிவு செய்தார்கள். யுரேனஸுக்கு வளையங்கள் இருப்பது தெரியவந்ததில் அந்தப் பதிவுக்கும் பங்கு உண்டு. ஆதித்யா-எல்1 விண்கலத்தில் போன சூரிய ஒளிவட்டத்தைப் படமெடுக்கும் கருவியை உருவாக்கியதும், காவலூரை நடத்தும் இந்திய வானியற்பியல் நிறுவனம்தான்.

அனுமதி கிடைத்ததும் தேதி சொல்லி அனுப்புவோம். ஒப்புதல் படிவம் இந்தக் கடிதத்தோடு இருக்கிறது, கையெழுத்துப் போட்டு வகுப்பாசிரியரிடம் கொடுத்தனுப்புங்கள். பெண் பிள்ளைகளோடு இரண்டு ஆசிரியைகள் வருவார்கள். இரவு தங்காமல் திரும்பிவிடுவோம், ஆனாலும் நேரமாகும். மலைமேல் ஜனவரியில் குளிர் அதிகம். ஸ்வெட்டர் இருந்தால் ஸ்வெட்டர், இல்லையென்றால் ஒரு போர்வையாவது மறக்காமல் கொடுத்தனுப்புங்கள்.

அன்புடன்,
தலைமையாசிரியர்