என் மொழியில் பதில் சொல்ல உங்களிடம் எத்தனை பேர்?
காணொளித் தளங்களை நடத்துகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

நான் வீடியோ எடிட்டர். என் பெயரில் சேனல் கிடையாது. பதினோரு வருடமாக மற்றவர்களின் சேனல்களுக்கு எடிட்டிங் செய்வது, சப்டைட்டில் போடுவது, தம்ப்நெயில் செய்து கொடுப்பது, இதுதான் என் பிழைப்பு. நாட்டின் பொருளாதாரத்துக்கு இவ்வளவு சேர்த்தோம், இத்தனை பேருக்கு வேலை கிடைத்தது, உள்ளூர்ப் பண்பாடு உலகமெல்லாம் போனது என்று நீங்கள் வெளியிடும் அறிக்கைகளை ஒன்று விடாமல் படிக்கிறேன். அவற்றில் பெரும்பகுதி உண்மை என்பதற்கு என் வேலை மேசையே சாட்சி. ஆனால் நான் தேடும் ஓர் எண் மட்டும் அவற்றில் இருந்ததே இல்லை. அதைக் கேட்டு வாங்கத்தான் இந்த மடல்.

கேட்பதற்கு முன் நன்றி சொல்லிவிடுகிறேன். கடமைக்குச் சொல்லும் நன்றி இல்லை.

நான் வேலை செய்து கொடுக்கும் ஒரு சேனல் தையல் சொல்லித்தரும் ஓர் அக்காவுடையது. கேமராவைப் பார்த்துப் பேசக் கூச்சப்படுவார். அதனால் அவர் கைகளை மட்டுமே படம்பிடித்தோம். முதல் வீடியோவை நானூறு பேர்கூடப் பார்க்கவில்லை. ஆனால் பார்த்தவர்கள் எந்த நொடியில் நிறுத்தினார்கள், எங்கே பின்னால் ஓட்டித் திரும்பப் பார்த்தார்கள் என்று தளம் காட்டுகிற வரைபடத்தில் ஓரிடம் மட்டும் மலை மாதிரி எழும்பி நின்றது. கை இணைக்கிற இடத்தில் துணியை வளைவாக வெட்டும் அந்தப் பதினைந்து நொடிதான் அது. கற்றுக்கொள்கிறவர்கள் எல்லோரும் அங்கேயே தடுக்கி விழுகிறார்கள் என்று, இருபது வருடம் தைத்தவருக்கே அன்றைக்குத்தான் தெரிந்தது. அந்த வளைவுக்கென்று தனி வீடியோ போட்டோம். அது ஓடியது. அடுத்து அளவுத் தாள்களை அச்சடித்து விற்கத் தொடங்கினார். இன்று அவரிடம் இரண்டு பேர் வேலை செய்கிறார்கள். விளம்பரத்துக்கு அவர் ஒரு காசு செலவழித்ததில்லை. சின்னத் தொழில்களுக்குத் துணை நிற்கிறோம் என்று நீங்கள் சொல்லும்போது எனக்கு நினைவுக்கு வருவது அந்த வரைபடம்தான்.

பணத்தைப் பங்கிடும் முறையும் அப்படித்தான். வீடியோ எடுப்பவர்களோடு விளம்பர வருமானத்தைப் பகிரும் பங்குதாரர் திட்டத்தை யூடியூப் 2007-இல் தொடங்கியது. நீளமான வீடியோக்களில் வரும் விளம்பர வருமானத்தில் 55 சதவீதம் அதை எடுத்தவருக்குப் போகிறது. ஷார்ட்ஸ் எனப்படும் குட்டி வீடியோக்கள் என்றால் படைப்பாளிகளுக்கு ஒதுக்கும் தொகையில் 45 சதவீதம். பத்து சதவீத ராயல்டிக்கே பழகிப்போன எழுத்தாளர்களிடம் இதைச் சொல்லிப் பாருங்கள், நம்ப மாட்டார்கள். விகிதத்தை முன்கூட்டியே எழுதிவைத்து, ஆயிரம் சப்ஸ்கிரைபரையும் தேவையான பார்வை நேரத்தையும் எட்டிவிட்டால் யாருடைய சிபாரிசும் வேண்டாம் என்றாக்கியது பெரிய காரியம். 2012 டிசம்பரில் யூடியூபில் முதன்முதலாக நூறு கோடிப் பார்வைகளைத் தொட்ட வீடியோ கொரிய மொழிப் பாடல் ஒன்றினுடையது என்பதையும் நான் மறக்கவில்லை. மொழி புரியாமலே உலகம் ஒரு பாட்டைக் கொண்டாடும் என்று அதற்கு முன்பு சொல்லியிருந்தால் எத்தனை இசை நிறுவனங்கள் ஒப்புக்கொண்டிருக்கும்?

இனி என் குறைக்கு வருகிறேன்.

சென்ற வருடம் ஒரு பாட்டியின் தாலாட்டைப் பதிவு செய்தோம். அவர் அம்மாவிடம் கேட்டுக் கற்றது. அந்த அம்மா யாரிடம் கற்றார் என்று தெரியாது. பாட்டியின் குரல், தொட்டில் கயிறு உரசும் சத்தம், வேறு எதுவும் இல்லை. ஒரு தளத்தில் ஏற்றிய ஆறாவது மணி நேரத்தில் காப்புரிமை கிளெய்ம் வந்தது, அதாவது இந்தப் பாட்டு எங்களுடையது என்று ஒருவர் உரிமை கோரினார். அதே மெட்டை வாத்தியங்களோடு பதிவு செய்து விற்ற ஒரு நிறுவனம் அதைத் தன் சொத்தாகப் பதிந்து வைத்திருக்கிறது. ஏறுகிற வீடியோக்களை அப்படிப் பதிந்தவற்றோடு ஒப்பிட்டுப் பார்க்கும் தளத்தின் இயந்திரம் இரண்டும் ஒன்றென்று முடிவு கட்டிவிட்டது. அந்த நிமிடத்திலிருந்து பாட்டியின் வீடியோவுக்கு வருகிற வருமானம் அந்த நிறுவனத்துக்கு.

மறுப்புப் படிவத்தைத் திறந்தேன். இந்தப் பாடலுக்கு உங்களிடம் உரிமம் இருக்கிறதா? இது உங்கள் சொந்தப் படைப்பா? இப்படிச் சில கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டம். யாருக்கும் சொந்தமில்லாத, எல்லோருக்கும் பொதுவான பாட்டு என்று சொல்ல ஒரு கட்டம்கூட இல்லை. கிடைத்த இடத்தில் எழுதி அனுப்பினேன். அந்த மறுப்பு முதலில் போய்ச் சேர்ந்தது எங்கே தெரியுமா? கிளெய்ம் போட்ட அதே நிறுவனத்திடம். அவர்களும் மறுத்தார்கள். அடுத்த மேல்முறையீட்டுக்கு வந்த பதிலில் என் விளக்கத்தின் ஒரு வரிக்குக்கூட மறுமொழி இல்லை. தாலாட்டு என்றால் என்னவென்று தெரிந்த ஒருவர் அதைப் படித்திருந்தால் ஒரு நிமிடத்தில் முடிந்திருக்கும் காரியம் அது. இருபத்தெட்டாம் நாள், காரணம் எதுவும் சொல்லாமல், கிளெய்ம் விலகியது. ஒரு வீடியோ அதிகம் பார்க்கப்படுவது முதல் சில நாட்களில்தான் என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

இது எங்களுக்கு மட்டும் நேர்ந்தது இல்லை. 2018-இல் பியானோ கலைஞர் ஜேம்ஸ் ரோட்ஸ் தானே வாசித்த பாக் இசையை ஃபேஸ்புக்கில் போட்டபோது, அதில் 47 நொடி சோனி மியூசிக்குடையது என்று கிளெய்ம் வந்தது. அந்த இசையை எழுதிய ஜெர்மானியர் பாக் இறந்தது 1750-இல். ரோட்ஸ் பேர்பெற்றவர், ட்விட்டரில் உரக்கக் கேட்டார், விஷயம் செய்தியானது, கிளெய்ம் விலகியது. எங்கள் பாட்டிக்கு ட்விட்டர் இல்லை.

இயந்திரம் தவறே செய்யக்கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. இவ்வளவு வீடியோக்களை மனிதர்கள் உட்கார்ந்து பார்த்து முடிக்க முடியாது. இயந்திரம் தவறியபின், அந்த மொழியும் அந்த மண்ணின் பாட்டும் தெரிந்த ஒரு மனிதரிடம் போய்ச் சேர வழி இருக்கிறதா என்பதுதான் என் கேள்வி.

சப்டைட்டிலிலும் இதே கதை. தையல் அக்காவின் ஒரு வீடியோவில் 'ஊசியில் நூலைக் கோத்துக்கோங்க' என்று வரும். தானியங்கி மொழிபெயர்ப்பு நூலைப் புத்தகம் என்று எடுத்துக்கொண்டது. வேறு மொழியில் படித்தவர்களுக்கு ஊசியில் புத்தகத்தைக் கோக்கும்படி பாடம் போனது. நான் உட்கார்ந்து வரி வரியாகத் திருத்தினேன். எடிட்டர் இல்லாத சேனலுக்கு யார் திருத்துவார்? முன்பு யூடியூபில் பார்வையாளர்களே சப்டைட்டில் எழுதித் தரும் வசதி இருந்தது. குறைவானவர்களே பயன்படுத்துகிறார்கள், ஸ்பேம் வருகிறது என்று 2020 செப்டம்பரில் அதை நிறுத்தினார்கள். காது கேளாதவர்கள் பலர் அப்போது எதிர்த்துக் குரல் கொடுத்தார்கள். பயன்படுத்தியவர்கள் குறைவுதான். ஆனால் ஒரு மொழியைக் காசு வாங்காமல் அடுத்த மொழிக்குக் கொண்டுபோனவர்கள் அவர்கள்தான். ஸ்பேமைத் தடுக்கும் ஏற்பாட்டோடு அந்த வசதியை மீண்டும் கொண்டுவர முடியும் என்றே நம்புகிறேன்.

நான் கேட்கும் எண் எது என்று இப்போது சொல்கிறேன். ஐரோப்பிய ஒன்றியத்தின் டிஜிட்டல் சேவைகள் சட்டம் 2024 பிப்ரவரியிலிருந்து முழுமையாக நடைமுறையில் இருக்கிறது. அதன்படி, ஒரு வீடியோவை முடக்கினாலோ அதன் வருமானத்தை நிறுத்தினாலோ தளம் காரணம் சொல்ல வேண்டும். முறையீட்டை இயந்திரத்திடம் மட்டும் விட்டு முடிவு செய்யக்கூடாது. மிகப் பெரிய தளங்கள், உள்ளடக்கத்தைக் கண்காணிக்க எத்தனை பேரை வைத்திருக்கின்றன என்பதை ஒன்றியத்தின் 24 ஆட்சிமொழிகளுக்கும் தனித்தனியாகக் கணக்குக் காட்ட வேண்டும். அதில் மால்டா என்ற சின்னத் தீவு நாட்டின் மால்டிய மொழிக்கும் ஒரு வரி உண்டு. அதைப் பேசுகிறவர்கள் சில லட்சம் பேர்தான். தமிழ் போல, கோடிக்கணக்கானோர் பேசியும் அந்தப் பட்டியலுக்கு வெளியே நிற்கும் மொழிகள் எத்தனையோ. அவற்றுக்கு அந்த ஒரு வரி எங்கே?

சட்டம் வந்து கட்டாயப்படுத்தும்வரை காத்திருக்க வேண்டாம். உங்கள் அடுத்த அறிக்கையில், பொருளாதாரப் பங்களிப்பு என்று போடும் பெரிய எண்ணுக்குப் பக்கத்திலேயே இதையும் போடுங்கள்: எந்தெந்த மொழிகளில் வீடியோ ஏறுகிறதோ அந்தந்த மொழியில் முறையீட்டைப் படிக்க எத்தனை பேர், காப்புரிமை வழக்கைப் பார்க்க எத்தனை பேர், ஒரு முறையீடு முடிய எத்தனை நாள். பூஜ்யம் என்றால் பூஜ்யம் என்றே போடுங்கள். அது தெரிந்தால்தான் நாங்களும் எங்கள் அரசுகளும் அடுத்து என்ன கேட்பது என்று முடிவு செய்ய முடியும். மறுப்புப் படிவத்தில் 'பொதுச் சொத்து, மரபு வழி வந்தது' என்று ஒரு கட்டம் சேருங்கள். கிளெய்ம் விவாதத்தில் இருக்கும் காலத்து வருமானத்தை எந்தப் பக்கத்துக்கும் கொடுக்காமல் நிறுத்தி வையுங்கள். சில தளங்கள் இதைச் செய்கின்றன, எல்லாத் தளங்களும் செய்யலாம்.

அந்தப் பாட்டிக்கு இன்னும் ஒன்பது தாலாட்டுகள் தெரியும். போன மாதம் அத்தனையையும் பதிவு செய்துவிட்டேன். சப்டைட்டிலும் எழுதி முடித்தாயிற்று. இன்னும் ஏற்றவில்லை.

இப்படிக்கு,
ஒரு வீடியோ எடிட்டர்